கர்ப்பகால சர்க்கரை நோய் - பெர்லினிலிருந்து சென்னை வரை

தலைப்பைப் பார்த்ததும் "இது மெடிக்கல் காலேஜ்காரர்களுக்கான பதிவு, நமக்கு எதற்கு?" என்று ஓடிவிடாதீர்கள். இது வைத்தியக் குறிப்பு அல்ல, வரலாறு. அதுவும் ஒரே ஒரு கேள்வியின் வரலாறு. கர்ப்பமாக இருக்கும் ஒரு பெண்ணின் ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு இருந்தால் அதை "அதிகம்" என்று சொல்லலாம்?

கேட்க ரொம்ப சுலபமான கேள்வி. ஆனால் இதற்கு பதில் தேடி மருத்துவ உலகம் கிட்டத்தட்ட 200 வருடங்களாக அலைந்து கொண்டிருக்கிறது. பதில் ஒவ்வொரு முறை மாறியபோதும், "யாருக்காக இந்த டெஸ்ட்?" என்பதும் கூடவே மாறியது. அந்தக் கதையில் நம்ம சென்னைக்கும் ஒரு முக்கியமான இடம் உண்டு. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் கொஞ்சம் அறிவியல்

நாம் சாப்பிடும் உணவு குளுக்கோஸாக மாறி ரத்தத்தில் கலக்கிறது. அதை செல்களுக்குள் அனுப்பும் வேலையை கணையத்தில் சுரக்கும் இன்சுலின் செய்கிறது. கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடி சில ஹார்மோன்களைச் சுரக்கிறது. அவை இன்சுலினின் வேலையைக் கொஞ்சம் மந்தப்படுத்துகின்றன. இது கோளாறு இல்லை, இயற்கையின் ஏற்பாடு. தாயின் உடம்பு எல்லா சர்க்கரையையும் தானே எடுத்துக்கொள்ளாமல் குழந்தைக்கும் மிச்சம் வைக்க வேண்டும் அல்லவா?

பெரும்பாலான பெண்களுக்கு இதைச் சமாளிக்க கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்துவிடும். சிலருக்கு அந்த அளவுக்குச் சுரக்க முடிவதில்லை. அப்போது ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. இதுதான் கர்ப்பகால சர்க்கரை நோய். பிரசவம் ஆகி நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் பெரும்பாலும் சர்க்கரை இறங்கிவிடும். இந்த "தானாக வந்து தானாகப் போகும்" குணம்தான் பல காலம் எல்லோரையும் ஏமாற்றியது.

1823, பெர்லின்

1823 ஆம் ஆண்டு நவம்பரில் பெர்லின் மருத்துவமனை ஒன்றுக்கு 22 வயதுப் பெண் ஒருவர் வந்து சேர்ந்தார். அது அவருக்கு ஐந்தாவது கர்ப்பம். எவ்வளவு குடித்தாலும் அடங்காத தாகம், ஓயாமல் சிறுநீர், உடம்பில் பலமே இல்லை. சிறுநீரில் சர்க்கரை இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். பிரசவம் மிகவும் கஷ்டமாக இருந்தது. குழந்தையின் எடை 12 பவுண்டு, அதாவது 5 கிலோவுக்கும் மேல்! பிரசவத்தின் போதே குழந்தை இறந்துவிட்டது. ஆனால் அதன் பிறகு தாயின் தாகம் தணிந்தது, சிறுநீரில் சர்க்கரையும் காணாமல் போனது.

இந்தப் பெண்ணைப் பற்றி ஹைன்ரிஷ் பென்னவிட்ஸ் என்ற மருத்துவ மாணவர் 1824 இல் தன் பட்டத்துக்காக லத்தீன் மொழியில் ஓர் ஆய்வேடு எழுதினார். சர்க்கரை நோய் என்பது கர்ப்பத்தின் ஓர் அறிகுறியாகவே இங்கே வந்திருக்கிறது என்பது அவர் முடிவு. கர்ப்பத்தோடு வந்து கர்ப்பத்தோடு போன சர்க்கரை நோய் பற்றி நமக்குக் கிடைத்துள்ள முதல் விரிவான பதிவு இதுதான் என்று சொல்கிறார்கள். எழுதியவர் ஒரு மாணவர் என்பதைக் கவனியுங்கள், நண்பர்களே!

அதன் பிறகு பல வருடங்கள் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. 1882 இல் லண்டனில் மேத்யூஸ் டங்கன் என்ற மகப்பேறு மருத்துவர், சர்க்கரை நோயோடு நடந்த 22 கர்ப்பங்களைப் பற்றித் திரட்டி எழுதினார். தாய்மார்கள் பலர் இறந்திருந்தார்கள், குழந்தைகள் அதைவிட அதிகமாக இறந்திருந்தன. அந்தக் காலத்தில் சர்க்கரை நோய் உள்ள பெண் கர்ப்பமானால் அது கிட்டத்தட்ட மரண தண்டனை மாதிரிதான். அப்போது கேள்வி ஒன்றே ஒன்று: தாய் பிழைப்பாளா?

இன்சுலின் வந்தது

1921 இல் கனடாவின் டொராண்டோவில் பாண்டிங், பெஸ்ட் இருவரும் இன்சுலினைப் பிரித்தெடுத்த கதை நமக்குத் தெரியும். 1922 ஜனவரியில் முதல் முறையாக ஒரு சிறுவனுக்கு அது செலுத்தப்பட்டது. அதன் பிறகு சர்க்கரை நோயுள்ள பெண்கள் வளர்ந்து, மணமாகி, தாய்மை அடைய முடிந்தது. தாய்மார்களின் மரணம் வேகமாகக் குறைந்தது.

ஆனால் குழந்தைகள்? அவர்கள் தொடர்ந்து இறந்து கொண்டிருந்தார்கள். இங்கேதான் பிரிசில்லா வைட் என்ற பெண் மருத்துவர் வருகிறார். பாஸ்டனில் எலியட் ஜோஸ்லின் நடத்திய மருத்துவமனையில் 1924 இல் சேர்ந்தவர். கர்ப்பிணிகளுக்கு சர்க்கரையைக் கடுமையாகக் கட்டுப்படுத்துவது, அடிக்கடி வரச்சொல்லிப் பார்ப்பது, பிரசவ நேரத்தைத் திட்டமிடுவது என்று ஓர் ஒழுங்கைக் கொண்டு வந்தார். அவர் சேர்ந்தபோது அங்கே குழந்தைகள் பிழைக்கும் வாய்ப்பு 54 சதவீதம்; 1974 இல் அவர் ஓய்வு பெறும்போது 90 சதவீதத்துக்கும் மேல். 1949 இல் அவர் வெளியிட்ட "வைட் வகைப்பாடு" பல பத்தாண்டுகள் மகப்பேறு மருத்துவப் பாடப்புத்தகங்களில் இருந்தது.

சரி, பெர்லின் குழந்தை ஏன் அவ்வளவு பெரிதாக இருந்தது? இதற்கு விடை சொன்னவர் கோபன்ஹேகனைச் சேர்ந்த யோர்கன் பெடர்சன். 1952 இல் அவர் சொன்ன விளக்கம் இது: தாயின் ரத்தத்தில் உள்ள சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டி குழந்தைக்குப் போகும், ஆனால் தாயின் இன்சுலின் போகாது. எனவே வந்து குவியும் சர்க்கரையைச் சமாளிக்க குழந்தையின் குட்டிக் கணையமே அதிகமாக இன்சுலின் சுரக்கிறது. இன்சுலின் ஒரு வளர்ச்சி ஹார்மோனைப் போலவும் வேலை செய்வதால் குழந்தை கொழுத்து வளர்கிறது. பிறந்து தொப்புள்கொடியை வெட்டியதும் சர்க்கரை வரத்து நின்றுவிடும், இன்சுலின் மட்டும் குறையாது. அதனால்தான் இப்படிப் பிறக்கும் குழந்தைகளுக்கு முதல் சில மணி நேரத்தில் சர்க்கரை ஆபத்தாக இறங்கிப் போகிறது. "கொழுகொழு குழந்தை" என்று நாம் கொஞ்சுவது எப்போதும் ஆரோக்கியம் அல்ல.

பாஸ்டனில் போட்ட கோடு

இதுவரை பார்த்தது பெரும்பாலும் வெளிப்படையாகத் தெரிந்த சர்க்கரை நோய். தாகமும் இல்லை, களைப்பும் இல்லை, ஆனால் கர்ப்பத்தில் மட்டும் சர்க்கரை சற்றே ஏறுகிறது என்றால்? பெல்ஜியத்தின் ஹோயே, அமெரிக்காவின் எல்சி காரிங்டன் போன்றவர்கள் 1950களில் இதைப் பற்றி எழுதினார்கள். "கர்ப்பகால சர்க்கரை நோய்" என்ற பெயரே அப்போதுதான், 1957 வாக்கில், புழக்கத்துக்கு வந்தது.

பெயர் வந்துவிட்டது, அளவு வேண்டாமா? பாஸ்டன் நகர மருத்துவமனையில் ஜான் ஓ'சல்லிவன் 752 கர்ப்பிணிகளுக்கு 100 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, மூன்று மணி நேரம் வரை ரத்தத்தைச் சோதித்தார். புள்ளியியலாளர் கிளேர் மஹான் என்ற பெண்மணி கணக்குப் போட்டார். சராசரியிலிருந்து ரொம்ப விலகி நிற்பவர்களை "நோயாளி" என்று வகுத்து 1964 இல் இருவரும் வெளியிட்டார்கள். உலகம் முழுக்க மகப்பேறு மருத்துவர்கள் அந்த எண்களையும் அவற்றின் திருத்திய வடிவங்களையும்தான் அடுத்த 40 வருடங்களுக்கும் மேலாகப் பயன்படுத்தினார்கள்.

இங்கே ஒரு விசித்திரம். அந்த எண்கள் சரியா என்று அவர்கள் எப்படிப் பார்த்தார்கள் தெரியுமா? அந்தப் பெண்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தர சர்க்கரை நோய் வருகிறதா என்பதை வைத்து! அதாவது குழந்தைக்கு எந்த அளவில் ஆபத்து ஆரம்பிக்கிறது என்று பார்த்துப் போட்ட கோடு அல்ல அது. தாயின் எதிர்காலத்தைச் சொல்லும் கோடு. அதை வைத்துத்தான் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு சிகிச்சை முடிவு செய்யப்பட்டது.

குழந்தை பக்கம் திரும்பிய பார்வை

1980 இல் சிகாகோவின் நார்பர்ட் ஃப்ரெய்ங்கெல் ஓர் உரையில் புதிய எண்ணம் ஒன்றை முன்வைத்தார். கருவறையில் கிடைக்கும் அளவு மீறிய சத்து, குழந்தையின் உடம்பையே வாழ்நாள் முழுவதற்கும் மாற்றி அமைக்கலாம் என்றார்.

இதற்கு வலுவான ஆதாரம் அமெரிக்காவின் அரிசோனாவில் வாழும் பீமா பழங்குடியினரிடமிருந்து கிடைத்தது. உலகிலேயே சர்க்கரை நோய் மிக அதிகமாகக் காணப்பட்ட சமூகங்களில் ஒன்று அது. அங்கே 1965 முதல் பல தலைமுறைகளைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். 2000 இல் வெளியான ஓர் ஆய்வு என்னை ரொம்பவே யோசிக்க வைத்தது. ஒரே தாய்க்குப் பிறந்த பிள்ளைகளை ஒப்பிட்டார்கள். தாய்க்கு சர்க்கரை நோய் வருவதற்கு முன் பிறந்த பிள்ளை, வந்த பின் பிறந்த பிள்ளை. ஒரே குடும்பம், ஒரே வீட்டுச் சாப்பாடு. ஆனால் பின்னால் பிறந்த பிள்ளைகளுக்குத்தான் உடல் பருமனும் சர்க்கரை நோயும் அதிகம் வந்தன. அப்படியானால் பரம்பரை மட்டும் காரணமில்லை, கருவறையும் ஒரு காரணம். இப்படிப் பிறந்த பெண் குழந்தை வளர்ந்து கர்ப்பமாகும்போது அவளுக்கும் சர்க்கரை ஏறினால்? சங்கிலி அடுத்த தலைமுறைக்கும் நீள்கிறது.

சரி, சிகிச்சை கொடுத்தால் பலன் உண்டா? 2005 இல் ஆஸ்திரேலியாவில் 1000 பெண்களிடம் நடந்த ஆய்வு இதற்குத் தெளிவாக பதில் சொன்னது. சிகிச்சை பெற்றவர்களின் குழந்தைகளில் கடுமையான பாதிப்பு 1 சதவீதம். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 4 சதவீதம்.

மிச்சம் இருந்தது பழைய கேள்விதான். எந்த அளவு? 9 நாடுகளில், 15 மையங்களில், சுமார் 25,000 கர்ப்பிணிகளைச் சோதித்த மாபெரும் ஆய்வு ஒன்று 2008 இல் வெளியானது. முடிவு என்ன தெரியுமா? கோடே இல்லை! தாயின் சர்க்கரை ஏற ஏற குழந்தையின் எடையும் ஆபத்தும் படிப்படியாக ஏறிக்கொண்டே போகின்றன. "இதுவரை பத்திரம், இதற்கு மேல் ஆபத்து" என்று சொல்லும்படி ஓர் இடத்தை இயற்கை வைக்கவில்லை. ஆனால் மருத்துவருக்கு ஏதாவது ஓர் எண் வேண்டுமே? 2010 இல் சர்வதேச நிபுணர் குழு ஒன்று கூடி, வெறும் வயிற்றில் 92, குளுக்கோஸ் குடித்து ஒரு மணி நேரத்தில் 180, இரண்டு மணி நேரத்தில் 153 மில்லிகிராம், இதில் ஏதாவது ஒன்றை எட்டினாலும் கர்ப்பகால சர்க்கரை நோய் என்று முடிவு செய்தது. 2013 இல் உலக சுகாதார நிறுவனமும் இதை ஏற்றுக்கொண்டது.

சென்னையின் பதில்

மேலே சொன்ன 15 மையங்களில் ஒன்றுகூட இந்தியாவில் இல்லை. ஆனால் அந்த ஆய்வு வெளிவருவதற்கு முன்பே சென்னையில் வேறொரு கேள்வி எழுந்திருந்தது.

சென்னை மருத்துவக் கல்லூரியில் 1978 இல் சர்க்கரை நோய்க்கென்று தனித் துறையைத் தொடங்கியவர் டாக்டர் வி. சேஷய்யா. 2022 இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். அவரும் அவர் குழுவினரும் தமிழ்நாட்டில் சுமார் 12,000 கர்ப்பிணிகளைச் சோதித்து 2008 இல் வெளியிட்ட கணக்கு இது: நகரத்தில் 17.8 சதவீதம், நகரை ஒட்டிய பகுதியில் 13.8 சதவீதம், கிராமத்தில் 9.9 சதவீதம். ஆறில் ஒருவர், ஏழில் ஒருவர், பத்தில் ஒருவர்! பணக்கார வியாதி, பட்டணத்து வியாதி என்று ஒதுக்கிவிட முடியாது என்பது தெளிவு.

இத்தனை பேரைச் சோதிப்பது எப்படி? ஒரு கிராமத்துப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். ராத்திரி சாப்பிட்டதோடு சரி. காலையில் பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு, முதல் பஸ்ஸைப் பிடித்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசையில் நின்று, ஒரு முறை ரத்தம் கொடுத்து, குளுக்கோஸ் குடித்து, மறுபடி ஒரு மணி நேரம், மறுபடி இரண்டு மணி நேரம் காத்திருந்து ஊசி குத்திக்கொள்ள வேண்டும். அதுவும் ஆறு மாத வயிற்றோடு. சாப்பிடாமல் வரவில்லை என்று திருப்பி அனுப்பினால் அவர் மறுபடி வருவாரா? அன்றைய கூலி போனால் யார் கொடுப்பார்கள்?

எனவே சேஷய்யா குழுவினர் ஒரு எளிய வழியை முன்வைத்தார்கள். சாப்பிட்டாயா, எப்போது சாப்பிட்டாய் என்ற கேள்வியே வேண்டாம். வந்த அன்றே 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலக்கிக் கொடு. இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம் எடு. 140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகால சர்க்கரை நோய். அவ்வளவுதான். இரண்டு மணி நேரத்துக்கு 140 என்பது உலக சுகாதார நிறுவனம் 1999 இல் சொன்ன அளவுதான். வெறும் வயிறு என்ற நிபந்தனையைத்தான் இவர்கள் எடுத்துவிட்டார்கள். கணையம் நன்றாக இருக்கும் பெண் சாப்பிட்டு வந்தாலும் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்துவிடுவாள் என்பது அவர்கள் வாதம்.

2007 இல் தமிழ்நாடு அரசு எல்லா கர்ப்பிணிகளுக்கும் இந்தப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. 2014 இல் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட தேசிய வழிகாட்டு நெறிகளிலும் இதே முறைதான் இடம்பெற்றது. கர்ப்பமாகி முதல் முறை வரும்போதே ஒரு டெஸ்ட், அப்போது இல்லையென்றால் 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொரு டெஸ்ட். இந்தியாவில் மார்ச் 10 ஆம் தேதி கர்ப்பகால சர்க்கரை நோய் விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அது டாக்டர் சேஷய்யாவின் பிறந்தநாள்.

எல்லோரும் இதை ஏற்றுக்கொண்டார்களா என்றால் இல்லை. எதிர்க் குரலும் சென்னையிலிருந்தே வந்தது! டாக்டர் வி. மோகன் குழுவினர் 2014 இல் வெளியிட்ட ஆய்வில், சாப்பிட்டுவிட்டுச் செய்யும் டெஸ்ட், வெறும் வயிற்று டெஸ்ட்டில் பிடிபடும் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களைத் தவறவிடுகிறது என்று காட்டினார்கள். இது லேசான குறை இல்லை. தவறவிடப்படும் ஒவ்வொரு பெண்ணும் "எனக்கு ஒன்றுமில்லை" என்ற நிம்மதியோடு வீட்டுக்குப் போவாள்.

என் பார்வையில் இரு தரப்பும் கேட்பது வேறு வேறு கேள்விகள். ஒருவர் "டெஸ்ட் எவ்வளவு துல்லியம்?" என்று கேட்கிறார். இன்னொருவர் "எத்தனை பெண்களுக்கு டெஸ்ட் நடக்கும்?" என்று கேட்கிறார். எவ்வளவு துல்லியமான டெஸ்ட்டாக இருந்தாலும், செய்யவே முடியாத பெண்ணுக்கு அது பூஜ்யம்தான். அதே நேரம், வெறும் வயிற்றில் வர வசதி உள்ளவர்களுக்கு துல்லியமான டெஸ்ட்டை ஏன் மறுக்க வேண்டும்? நகரத்தில் இருப்பவர்கள் தங்கள் டாக்டரிடம் இதைக் கேட்கலாம்.

வந்தால் என்ன, வராமல் தடுக்க முடியுமா?

வந்தால் பயப்பட வேண்டியதில்லை. முதல் மருந்து சாப்பாடும் நடையும்தான். பெரும்பாலானவர்களுக்கு அதிலேயே கட்டுப்பட்டுவிடும். தேசிய வழிகாட்டு நெறிப்படி இரண்டு வாரம் உணவுக் கட்டுப்பாடு. அதன் பிறகும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 120 அல்லது அதற்கு மேல் இருந்தால் மருந்து, இன்சுலின். இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டாது என்று பெடர்சன் கதையில் பார்த்தோமே, அதனால் குழந்தைக்கு அது போய்ச் சேராது.

நம் வீடுகளில் "ரெண்டு உசுருக்குச் சாப்பிடணும்" என்று சொல்லித் தட்டை நிரப்புவார்கள். அன்புதான், சந்தேகமில்லை. ஆனால் சர்க்கரை ஏற ஆரம்பிக்கும் ஆறாம், ஏழாம் மாதத்தில்தான் வளைகாப்பும் வருகிறது, புளிசாதம், தேங்காய்சாதம், சர்க்கரைப் பொங்கல் என்று ஐந்து வகை சாதமும் வருகிறது! பட்டினி கிடக்கச் சொல்லவில்லை. ஒரேயடியாகச் சாப்பிடாமல் பிரித்துச் சாப்பிடுவது, சாதத்தைக் குறைத்து பருப்பு, காய், கீரை, முட்டையைக் கூட்டுவது என்பதுதான் டாக்டர்கள் சொல்வது.

தடுப்பு விஷயத்தில் முடிவுகள் கலவையாகத்தான் இருக்கின்றன. பின்லாந்தில் ஆபத்து அதிகமுள்ள பெண்களுக்கு கர்ப்பத்தின் ஆரம்பத்திலிருந்தே உணவு, உடற்பயிற்சி ஆலோசனை கொடுத்தபோது நோய் 21.6 சதவீதத்திலிருந்து 13.9 ஆகக் குறைந்தது என்று 2016 இல் சொன்னார்கள். அதற்கு முந்தைய வருடம் பிரிட்டனில் உடல் பருமன் உள்ள 1555 பெண்களிடம் நடந்த இதே மாதிரி ஆய்வில் நோய் குறையவே இல்லை. கர்ப்பமான பிறகு ஆரம்பிப்பது பலருக்கும் தாமதம் போலிருக்கிறது. எடையைக் கவனிப்பது அதற்கு முன்பே தொடங்க வேண்டும்.

பிரசவத்தோடு முடிவதில்லை

கடைசியாக ஒரு விஷயம். கர்ப்பகால சர்க்கரை நோய் வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் நிரந்தர சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 7 மடங்குக்கும் மேல் என்று 2009 இல் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னார்கள். ஆக, ஓ'சல்லிவன் 1964 இல் தேடியது வீண் போகவில்லை. நல்ல செய்தியும் உண்டு. அமெரிக்காவில் இப்படிப்பட்ட பெண்களிடம் உணவு, நடை மாற்றங்களாலோ மெட்ஃபார்மின் மாத்திரையாலோ அந்த வாய்ப்பைப் பாதியாகக் குறைக்க முடிந்திருக்கிறது.

அதற்கு முதலில் டெஸ்ட் செய்ய வேண்டும். பிரசவமாகி 6 வாரத்தில் தாய்க்கு மறுபடி ஒரு குளுக்கோஸ் டெஸ்ட் செய்ய வேண்டும் என்பது விதி. அதே 6 வாரத்தில்தான் குழந்தைக்குத் தடுப்பூசியும் வருகிறது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு தவறாமல் போவோம். ஆனால் அம்மாவின் டெஸ்ட்? சர்க்கரைதான் இறங்கிவிட்டதே என்று விட்டுவிடுவோம்.

பெர்லினில் அந்தப் பெண்ணுக்கு சர்க்கரை மறைந்ததும் கதை முடிந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். முடியவில்லை என்று இப்போது நமக்குத் தெரியும். உங்கள் வீட்டில் அக்காவோ அண்ணியோ கர்ப்பமாக இருந்தால் "சுகர் டெஸ்ட் எடுத்தாச்சா?" என்று கேளுங்கள். சர்க்கரை இருந்து பிரசவமும் ஆகிவிட்டதென்றால், தடுப்பூசி தேதிக்கு முதல் நாள் ராத்திரி இன்னொன்றையும் நினைவுபடுத்துங்கள்: "நாளைக்கு வெறும் வயித்துல வாங்க அண்ணி, உங்களுக்கும் டெஸ்ட் இருக்கு."